ஒலியால் புடைத்தல்

கீரனூரைத் தொட்டுக்கொண்டு போகும் திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் பொறியியல் கல்லூரிகள் பல இருக்கின்றன. அவற்றில் எதன் முதலாம் ஆண்டு இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தாலும் ஒரு மேசையில் அந்தக் கருவியைப் பார்க்கலாம். உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கிண்ணம். அதன் அடியில் ஒரு குவார்ட்ஸ் வில்லை. மேலே ஒரு மைக்ரோமீட்டர் திருகு. திருகின் நுனியில் வழவழப்பான உலோகத் தகடு. பக்கத்தில் 2 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மின்னலையைத் தரும் பெட்டி, அதன் முகப்பில் ஒரு முள். மாணவர்கள் அதை ‘அல்ட்ராசானிக் இன்டர்ஃபெரோமீட்டர்’ என்று முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘அல்ட்ராசானிக்’ என்றால் போதும், எந்த மேசை என்று எல்லாருக்கும் தெரியும்.

கிண்ணத்தில் தண்ணீரையோ மண்ணெண்ணெயையோ ஊற்றிவிட்டு மாணவர் திருகை மெல்லத் திருப்புவார். முள் ஏறும், விழும், மறுபடி ஏறும். திருகை ஒரே திசையில்தான் திருப்ப வேண்டும்; பின்னோக்கித் திருப்பினால் ரீடிங் கெட்டுவிடும். முதல் ஏற்றத்துக்குப் பின் பத்து ஏற்றங்களை எண்ணிக் கடைசி ரீடிங்கிலிருந்து முதல் ரீடிங்கைக் கழித்தால், தண்ணீருக்கு 3.75 மில்லிமீட்டரை ஒட்டி வரும். பத்தால் வகுத்தால் 0.375. அது அரை அலைநீளம். இரண்டால் பெருக்கி, பிறகு 20 லட்சத்தால் பெருக்கினால் நொடிக்கு 1500 மீட்டர்: தண்ணீரில் ஒலியின் வேகம். அதிலிருந்து தண்ணீரின் அமுங்கும் தன்மையையும் கணக்கிட்டு ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள்.

அந்த மேசைக்குப் பக்கத்தில் நான் பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். 0.375 என்ற எண்ணை ஏணியின் ஒரு படியாக மட்டுமே பார்த்து வந்தேன். ஏறியவுடன் மறந்துவிடும் படி. சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தின் தாமஸ் லாரெல் குழுவினர் இரத்தத்தைப் பிரிப்பதற்காகச் செதுக்கிய சிலிக்கன் தகட்டின் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோதுதான் அந்த எண் என்னை நிறுத்தியது. தகட்டின் நடுவே தலைமுடி நான்கைந்தைப் பக்கம் பக்கமாக வைத்த அகலத்துக்கு ஒரு கால்வாய். அகலம் 0.375 மில்லிமீட்டர். அதில் செலுத்தும் ஒலி 2 மெகாஹெர்ட்ஸ். எங்கள் மாணவர்கள் திருகில் அளந்துவிட்டுப் போகும் அதே இடைவெளியைத்தான் அவர்கள் கால்வாயாகச் செதுக்கியிருந்தார்கள். அளப்பதற்கு ஒலியைப் பயன்படுத்துவது, பிடிப்பதற்கு ஒலியைப் பயன்படுத்துவது என்ற இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. இந்தக் கட்டுரை அந்தத் தூரத்தைப் பற்றியது.

காதுக்கு எட்டும் எல்லை நொடிக்கு 20,000 அதிர்வுகள். அதற்கு மேல் உள்ளதெல்லாம் மீயொலி. ஒரு சுவரிலிருந்து புறப்பட்ட அலை எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, புதிதாக வரும் அலையோடு கலக்கிறது. சுவர்களுக்கு இடைப்பட்ட தூரம் அரை அலைநீளத்தின் முழு மடங்காக இருந்தால் இரண்டும் பொருந்தி, ஓடாத அலையாக நிற்கும். அதில் சில இடங்களில் அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அவை எதிர்க்கணுக்கள். சில இடங்களில் அழுத்தம் மாறுவதே இல்லை, அவை கணுக்கள். கரும்பில் கணு இருப்பதுபோல ஒரே சீரான இடைவெளியில் அமைந்திருக்கும். எங்கள் கருவியின் முள் ஏறும்போதெல்லாம் கிண்ணத்துக்குள் இப்படி ஒரு நிலை அலை நிற்கிறது என்று பொருள். 0.375 மி.மீ. கால்வாயில் ஒரே ஒரு கணு, சரியாக நடுவில்.

நிலை அலைக்குள் தூசு சீரான இடைவெளியில் ஒதுங்கும் என்பது பழைய செய்தி. ஜெர்மானிய இயற்பியலாளர் ஆகஸ்ட் குண்ட் 1866-இல் கண்ணாடிக் குழாயில் நுண்பொடியைத் தூவி ஒலி எழுப்பியபோது பொடி சீரான குவியல்களாக ஒதுங்கியது. அந்தக் குழாய் நம் பள்ளிப் பாடநூல்களில் ஒலியின் வேகம் அளக்கும் கருவியாக மட்டும் வாழ்கிறது. பொடி ஏன் நகர்ந்தது என்ற கேள்விதான் இங்கே நமக்கு வேண்டியது.

ஒலி என்பது தள்ளுவதும் இழுப்பதுமான அதிர்வு. எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு திருப்பி இழுக்கிறது. கூட்டிக் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். அப்படியானால் நீரில் மிதக்கும் ஒரு துகள் இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்க வேண்டுமே தவிர, ஒரு திசையில் பயணம் போகக் கூடாது. மாணவர்கள் இந்த இடத்தில் தடுக்கி நிற்பது நியாயம்தான். நான் அவர்களுக்கு முறத்தை நினைவுபடுத்துவேன்.

முறமும் இருந்த இடத்திலேயேதான் மேலும் கீழும் போகிறது. கை எங்கும் நகர்வதில்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் உமி முன்னால் போய் விழுகிறது, கல் ஒரு பக்கம் தங்குகிறது, அரிசி நடுவில் சேர்கிறது. ஒவ்வொரு தட்டிலும் கனமானதும் இலேசானதும் ஒரே மாதிரி எழும்பி ஒரே மாதிரி விழுவதில்லை. அந்தச் சிறு வித்தியாசம் ஒரு தட்டில் கண்ணுக்குத் தெரியாது. நூறு தட்டில் குவியலாகத் தெரியும். தமிழில் இந்த வேலைக்கு ஒரு சொல் போதாமல் புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நாவுதல், நேம்புதல் என்று பல சொற்கள் இருக்கின்றன. அசைவின் திசைக்கும் பிரிக்க வேண்டிய பொருளுக்கும் ஏற்ப வேறு வேறு சொல். அசைத்தே பிரிக்கலாம் என்ற அறிவு எங்கள் ஊர்ப் பெண்களின் மணிக்கட்டில் எவ்வளவு நுட்பமாக இருந்தது என்பதற்கு அந்தச் சொற்களே சாட்சி.

முறத்தில் வித்தியாசத்தை உண்டாக்குவது புவியீர்ப்பும் காற்றும். நீருக்குள் ஒலி புடைக்கும்போது அதை உண்டாக்குவது வேறு இரண்டு. முதலாவது, அமுங்கும் தன்மை. எதிர்க்கணுவில் அழுத்தம் ஏறும் அரைச்சுற்றில் துகள் கணுவை நோக்கித் தள்ளப்படுகிறது. அந்த நேரத்தில் அமுங்கிச் சற்றுச் சிறியதாக இருக்கிறது. அழுத்தம் இறங்கும் அடுத்த அரைச்சுற்றில் எதிர்க்கணுவை நோக்கி இழுக்கப்படுகிறது. அப்போது விரிந்து சற்றுப் பெரியதாக இருக்கிறது. பெரிதாக இருக்கும்போது படும் விசை சிறிதாக இருக்கும்போது படுவதைவிட ஒரு மயிரிழை அதிகம். இரண்டும் கழிந்துபோகாமல் ஒரு மிச்சம் நிற்கிறது. துகளைச் சூழ்ந்த தண்ணீருக்கும் இதே மிச்சம் உண்டு என்பதால், தண்ணீரைவிட எளிதில் அமுங்கும் துகள் எதிர்க்கணுவுக்கும், தண்ணீரைவிட இறுக்கமான துகள் கணுவுக்கும் போகும். இரண்டாவது, அடர்த்தி. தண்ணீரைவிடக் கனமான துகள் தண்ணீரின் ஆட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது. பின்தங்கும்போது அதன் மேல் தண்ணீர் உரசிப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலும் அதைக் கணுவை நோக்கி ஒதுக்குகிறது.

இந்த மிச்சத்தைக் கணக்காக முதலில் எழுதியவர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தின் லூயி கிங், 1934-இல், அமுங்காத உருண்டைகளுக்கு. அமுங்கும் உருண்டைகளுக்கு 1955-இல் ஜப்பானின் யோசியோகாவும் கவாசிமாவும் எழுதினார்கள். 1962-இல் சோவியத் இயற்பியலாளர் கோர்கோவ் எல்லாவற்றையும் ஒரே சூத்திரத்துக்குள் கொண்டுவந்தார். அந்தச் சூத்திரத்தில் உள்ள இரண்டு முக்கிய எண்கள் துகளின் அடர்த்தியும் அமுங்கும் தன்மையும். எங்கள் மாணவர் ரெக்கார்டு நோட்டின் கடைசி வரியில் எழுதும் அதே அமுங்கும் தன்மை.

மிச்சம் எவ்வளவு சிறியது, அது எவ்வளவு செய்கிறது என்பதை ஒரு கணக்கில் காட்டலாம். 2 மெகாஹெர்ட்ஸ் ஒலியில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல மூன்று மடங்கு ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறு கால்வாய்களில் எளிதில் கிடைக்கும் அளவுதான் இது. அப்போது தண்ணீர் முன்னும் பின்னும் நகரும் தூரம் வெறும் 16 நானோமீட்டர்; ஒரு மில்லிமீட்டரை அறுபதாயிரம் துண்டாக்கினால் அதில் ஒன்று. அதற்குள் நிற்கும் 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் மணியின் மேல் விழும் மிச்ச விசை சுமார் 20 பிக்கோநியூட்டன். மிகச் சிறியதாகத் தோன்றும். ஆனால் நீரில் அமிழ்ந்த அந்த மணியின் எடையைப் போல அது எண்பது மடங்கு அளவுக்கு வரும். மணி நொடிக்குக் கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் கணுவை நோக்கிப் போகும். கால்வாயின் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓரிரு நொடிகளில் வந்துவிடும். தண்ணீர் தன் இடத்தைவிட்டு 16 நானோமீட்டர்கூட நிலையாக நகரவில்லை. துகள் அதைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் பயணம் செய்து முடித்துவிட்டது.

கணக்கு நம்பவைக்கும். கண் பார்த்தால்தான் மனம் ஏற்கும். அதனால் மாணவர் சிலரோடு சேர்ந்து ஒரு சோதனையைச் செய்து பார்த்தோம். ஈரப்பதமூட்டியில் நீராவிபோலப் பனித்துளி எழுப்பும் பீசோ வில்லை கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதன் அதிர்வெண் சுமார் 1.7 மெகாஹெர்ட்ஸ். கண்ணாடித் துண்டுகளை ஒட்டி ஒரு சதுரக் குழாய் செய்து அடியில் வில்லையைப் பொருத்தினோம். பழைய மைக்ரோமீட்டர் திருகின் நுனியில் ஒரு கண்ணாடித் தகட்டை ஒட்டி, வில்லைக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தினோம். துகளுக்கு பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட், ஒரு சிட்டிகை. ஈஸ்ட் செல் ஒவ்வொன்றும் 5 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். இந்த வேலைக்கு ஏற்ற அளவு.

முதல் நாள் வில்லையோடு வந்த மின்சுற்றையே போட்டோம். தண்ணீர் கொந்தளித்து ஈஸ்ட் கலங்கியதுதான் மிச்சம். மறுநாள் மின்சுற்றைக் கழற்றிவிட்டு ஃபங்ஷன் ஜெனரேட்டரைக் கொண்டு மெல்ல ஊட்டினோம். இப்போது கண்ணாடியில் குமிழிகள் ஒட்டிக்கொண்டன. குமிழியைப் போல அமுங்கும் பொருள் நீருக்குள் வேறில்லை. ஒலியின் பெரும் பங்கை அது தின்றுவிடும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றினோம். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து, திருகை நூலிழை நூலிழையாகத் திருப்பிக்கொண்டே போனபோது, பால்போல் கலங்கியிருந்த குழாய்க்குள் அரை நிமிடத்தில் கோடுகள் விழுந்தன. குறுக்கே, படுக்கையாக, ஒன்றன்மேல் ஒன்றாக இருபதுக்கு மேல். கோடுகளுக்கு நடுவே தண்ணீர் தெளிந்துவிட்டது. அளவுகோலை வைத்து எண்ணினால் இரண்டு கோடுகளுக்கு இடைவெளி அரை மில்லிமீட்டரை எட்டவில்லை, 1.7 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்குச் சொல்லும் அரை அலைநீளம் 0.44 மி.மீ. ஒரு மாணவி தன்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள், மூச்சு பட்டால் கலைந்துவிடும் என்பதுபோல. ஜெனரேட்டரை அணைத்ததும் கோடுகள் மெதுவாகப் புகைபோலக் கீழே இறங்கின.

அந்தக் கோடுகளின் இன்னொரு முகத்தைத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துவிட்டார். கீரனூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-ஆம் தேதி பிறந்த சி. வி. ராமன். மீயொலி பாயும் திரவத்தின் குறுக்கே ஒளியைச் செலுத்தினால் ஒளி பல கற்றைகளாகப் பிரிகிறது என்று 1932-இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் கண்டிருந்தார்கள். ஏன் அத்தனை கற்றைகள் என்பதற்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து ராமனும் நாகேந்திர நாத்தும் 1935–36-இல் தொடர் கட்டுரைகளாக விடை எழுதினார்கள். ஒலி திரவத்தை அடர்ந்த அடுக்கும் தளர்ந்த அடுக்குமாக மாற்றுகிறது. ஒளிக்கு அது ஒரு கீற்றணி. லேசர் ஒளியை ஒலியால் கட்டுப்படுத்தும் இன்றைய கருவிகளிலும் அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே காலத்தில் அதே கழகத்தில் எஸ். பார்த்தசாரதி இந்த ஒளிமுறையைக் கொண்டு பல கரிமத் திரவங்களில் மீயொலியின் வேகத்தை அளந்து வெளியிட்டார். மாண்ட்ரியாலில் கிங் ஒலி துகளை எப்படித் தள்ளும் என்று எழுதிய அந்த ஆண்டுகளில், பெங்களூரில் ஒலி திரவத்துக்குள் எப்படி அடுக்கடுக்காக நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கல்லூரி மேசைகளில் இன்றைக்கும் அந்தக் கருவி இருப்பதற்கு அந்த மரபு ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். அளக்கும் மரபு நமக்கு ஆழமாக வேரூன்றியது. பிடித்து நகர்த்தும் பக்கத்துக்கு நாம் தாமதமாகத்தான் வந்தோம்.

வந்த இடம் இரத்தம். இரத்தம் என்பது நெருக்கியடித்த கூட்டம்; அதன் கன அளவில் நாற்பது சதவீதத்துக்கு மேல் செல்கள். ஒரு மில்லிலிட்டரில் 500 கோடி அளவுக்குச் சிவப்பணுக்கள். கீரனூரில் எந்தப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனாலும், குத்தி எடுத்த இரத்தக் குழாய்களைச் சென்ட்ரிஃபியூஜில் எதிரெதிராகச் சமன் பார்த்து வைத்து, மூடியைச் சாத்தி, சில நிமிடம் சுழலவிட்டுச் செல்களைக் கீழே இறக்குகிறார்கள். மேலே தேங்கும் மஞ்சள் திரவத்தில்தான் பெரும்பாலான சோதனைகள். இந்த மேசைச் சென்ட்ரிஃபியூஜ் நல்ல கருவி. ஆனால் அது குழாய் குழாயாகத்தான் வேலை செய்யும். ஓடும் இரத்தத்தை ஓட்டத்திலேயே பிரிக்க அதனால் ஆகாது.

ஒலியால் ஆகும். லாரெல் குழு 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை ஓர் உயிர்ப்பிரச்சினையில் காட்டியது. இதய அறுவைச் சிகிச்சையின்போது மார்புக்குள் சிந்தும் இரத்தத்தை உறிஞ்சி நோயாளிக்கே திருப்பித் தருவது வழக்கம். அதில் உடைந்த கொழுப்புத் துளிகள் கலந்திருக்கும். அவை மூளையின் நுண்நாளங்களில் போய் அடைத்துக்கொள்ளும். கொழுப்பு பிளாஸ்மாவைவிட இலேசானது, எளிதில் அமுங்குவது. சிவப்பணு கனமானது, இறுக்கமானது. கால்வாயில் ஒலியைச் செலுத்தியதும் சிவப்பணுக்கள் நடுவே செந்நிற வரியாக ஒடுங்கின. கொழுப்பு இரண்டு ஓரச் சுவர்களுக்கும் ஒதுங்கியது. கால்வாயின் முனையை மூன்றாகக் கிளைத்துவிட்டால் நடுக்கிளையில் இரத்தம், ஓரக்கிளைகளில் கொழுப்பு. அறையில் ஓர் அரவம் இல்லை. சுழலும் பாகமும் இல்லை. முறத்தைப் பற்றி நான் சொன்னது வெறும் உவமையாக நின்றுவிடவில்லை என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இது.

தமிழ்நாட்டில் இந்த வேலை ஐஐடி மெட்ராஸின் இயந்திரப் பொறியியல் துறையில் நடக்கிறது. பேராசிரியர் அசிஸ் குமார் சென்னும் அவருடைய மாணவராக இருந்த எஸ். கார்த்திக்கும் 2018-இல் இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவை ஒலியால் பிரிக்கும் கருவியைப் பற்றி எழுதினார்கள். அதே ஆண்டில் பி. என். பிரதீப், பி. காஞ்சனா ஆகியோருடன் சேர்ந்து அவர்கள் வெளியிட்ட இன்னொரு கட்டுரைதான் என்னை அதிகம் ஈர்த்தது. புற்றுக்கட்டியிலிருந்து பிரிந்து இரத்தத்தில் சுற்றும் செல்களைப் பிடிப்பது பற்றியது அது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் அப்படிப்பட்டவை சில மட்டுமே இருக்கும்; சுற்றிலும் வெள்ளையணுக்களே பல லட்சம். அளவை வைத்துப் பிரிக்கலாம் என்றால், வெள்ளையணுக்களிலேயே சில புற்றுச்செல்லுக்கு இணையான அளவில் இருக்கின்றன. சல்லடை இங்கே தோற்கும்.

அவர்கள் மாற்றியது சல்லடையை அல்ல, தண்ணீரை. ஒரு பொருளின் அடர்த்தியையும் அதில் ஒலியின் வேகத்தையும் பெருக்கினால் வரும் எண்ணை அதன் ஒலித்தடை என்று சொல்லலாம். துகளின் ஒலித்தடையும் சுற்றியுள்ள திரவத்தின் ஒலித்தடையும் ஒன்றானால் ஒலியின் பார்வைக்குத் துகள் மறைந்துவிடுகிறது. அதன் மேல் விசை விழுவதில்லை. எனவே வெள்ளையணுவுக்குப் பொருந்தும்படி திரவத்தைக் கலந்துகொண்டால் வெள்ளையணு அசையாமல் போகும். ஒலித்தடை மாறுபட்ட புற்றுச்செல் மட்டும் கணுவுக்கோ எதிர்க்கணுவுக்கோ நகரும். கருப்பைவாய்ப் புற்றிலிருந்தும் மார்பகப் புற்றிலிருந்தும் வந்த ஆய்வுக்கூடச் செல்களைக் கொண்டு இதைச் செய்து காட்டினார்கள். விதைநெல்லை உப்புக்கரைசலில் போட்டுப் பதரை மிதக்கவைக்கும் விவசாயிக்கு இந்த யோசனை அந்நியமாக இருக்காது: பிரிக்க வேண்டிய பொருளைத் தொடாமல், அது கிடக்கும் திரவத்தின் கனத்தை மாற்றுவது. லுண்ட் குழுவும் சென்னைக் குழுவும் பிறகு சேர்ந்தே வேலை செய்தார்கள். ஒட்டாத இரண்டு திரவங்கள் பக்கம் பக்கமாக ஓடும்போது ஒலியைப் போட்டால் ஓடை துளிகளாக உடைவதையும், துளிகள் மறுபடி ஓடையாவதையும் 2021-இல் வெளியிட்டார்கள்.

வரம்புகளையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் ஒலியை மந்திரக்கோலாக நினைத்துவிடுவார். விசை துகளின் ஆரத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. தண்ணீரின் தடுப்போ ஆரத்துக்கு நேராக மட்டுமே மாறுகிறது. ஆகவே துகளின் அளவு பாதியானால் வேகம் காலாகிவிடும். இதற்கு எதிராளி ஒன்று கால்வாய்க்குள்ளேயே இருக்கிறது. சுவரோரம் ஒலி தன் ஆற்றலில் கொஞ்சத்தைத் தண்ணீரிடம் இழப்பதால் மெல்லிய சுழல்கள் பிறக்கின்றன. 1884-இல் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டியவை. சுழல் எல்லாத் துகளையும் ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டு போகும். 2 மெகாஹெர்ட்ஸில், தண்ணீரில், ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டருக்குக் கீழே சுழல் ஜெயித்துவிடுகிறது. சிவப்பணு 7–8 மைக்ரோமீட்டர், தப்பித்தது. பாக்டீரியாக்களில் பல ஒரு மைக்ரோமீட்டர் அளவு. அவை கணுவில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வைரஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புற்றுச்செல்களைப் பற்றிய சென்னைக் கட்டுரையின் இன்னொரு சிறப்பு இங்கேதான்: வேறு வேறு தன்மையுள்ள திரவங்கள் பக்கம் பக்கமாக ஓடும்போது இந்தச் சுழல் அடங்கிப்போகிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

வெப்பம் அடுத்த தொல்லை. தண்ணீர் ஒரு பாகை சூடானால் ஒலியின் வேகம் நொடிக்கு இரண்டரை மீட்டர் அளவுக்குக் கூடும். அலைநீளம் மாறும், கால்வாயோடு பொருத்தம் கெடும். எங்கள் ஈஸ்ட் கோடுகள் சில நிமிடங்களில் மங்கியதற்கும் அதுதான் காரணம். திருகைச் சற்றுத் திருப்பியதும் திரும்ப வந்தன. கீரனூரின் ஏப்ரல் மாதத்தில் இப்படிப்பட்ட கருவியை மின்விசிறிக்குக் கீழே வைத்து ஓட்ட நினைப்பவர், அதிர்வெண் தானே சரிசெய்துகொள்ளும் மின்சுற்றை முதலில் யோசிக்க வேண்டும்.

இரத்தத்தை ஒலி பிடித்து நிறுத்தும் என்றால், வயிற்றில் குழந்தை இருக்கும்போது ஸ்கேன் எடுக்கலாமா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். 1971-இல் மேரி டைசனும் உடன் ஆய்வாளர்களும் கோழிக் கருவின் நாளங்களில் 3 மெகாஹெர்ட்ஸ் மீயொலியை நிலை அலையாகச் செலுத்திப் பார்த்தார்கள். ஓடிக்கொண்டிருந்த சிவப்பணுக்கள் கால் மில்லிமீட்டர் இடைவெளியில் பட்டை பட்டையாக நின்றுவிட்டன. ஒலியை நிறுத்தியதும் ஓட்டம் திரும்பியது. ஸ்கேன் கருவி இப்படி இயங்குவதில்லை. மிகக் குறுகிய துடிப்பை அனுப்பிவிட்டு, அதைப் போலப் பல நூறு மடங்கு நேரம் எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. நிலை அலை கட்டி நிற்க அங்கே நேரமில்லை. ஆனால் மூட்டுவலிக்கு மீயொலிச் சிகிச்சை எடுத்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: பிசியோதெரபிஸ்ட் ஜெல்லைத் தடவி, கருவியின் தலையை முழங்காலின் மேல் வட்டம் வட்டமாக நகர்த்திக்கொண்டே இருப்பார், ஒரு நொடிகூட ஓரிடத்தில் வைக்க மாட்டார். அங்கே ஒலி மிகக் குறுகிய துடிப்பாக அல்ல, நீண்ட நேரம் பாய்கிறது. எலும்பில் பட்டுத் திரும்பும் அலை ஓரிடத்தில் கட்டி நின்று சூட்டையோ தேக்கத்தையோ உண்டாக்கிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தக் கை ஓய்வதில்லை.

பிடித்ததை நகர்த்துவது எப்படி? இங்கே ஒளியோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. குவித்த லேசர் கற்றையால் நுண்துகளைப் பிடிக்கும் முறைக்காக ஆர்தர் ஆஷ்கினுக்கு 2018-இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒளிக்கு அலைநீளம் மிகச் சிறியது என்பதால் ஒரு தனித் துகளைக் கூர்மையாகப் பற்ற முடியும். ஆனால் செல்லைச் சுடும் ஆபத்தும் உண்டு. ஒலி அவ்வளவு கூர்மையானதல்ல. பதிலுக்கு ஆயிரக்கணக்கான செல்களை ஒரே நேரத்தில், அவற்றின் உயிருக்குச் சேதமில்லாமல் பிடிக்கும். அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டோனி ஜுன் ஹுவாங் குழு 2012-இல் லித்தியம் நியோபேட் தகட்டின் மேற்பரப்பில் நான்கு பக்கமிருந்தும் அலைகளை அனுப்பி, அதிர்வெண்ணை மாற்றுவதன் மூலமே கணுக்களை இடம்பெயர்த்தது. கணு போகும் இடத்துக்குத் துகளும் போனது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு புழு ஒன்றையும் நீரில் பிடித்து நீட்டி நிறுத்திக் காட்டினார்கள். செல்களை ஒற்றை வரிசையில் நிறுத்தி எண்ணும் மருத்துவ ஆய்வுக் கருவிகளில் ஒலியால் ஒடுக்கும் முறை ஏற்கெனவே வணிகத்துக்கு வந்துவிட்டது.

லித்தியம் நியோபேட் தகடு எங்களிடம் இல்லை. ஆனால் திருகு இருந்தது. நிலை அலையில் கணுக்கள் எதிரொலிக்கும் தகட்டிலிருந்து கணக்கான தூரத்தில் நிற்கும். தகடு ஏறினால் கணுவும் ஏற வேண்டும். கடைசி நாளன்று அதைப் பார்த்துவிடலாம் என்று திருகை மேல்நோக்கி மிக மெல்லத் திருப்பச் சொன்னேன். கோடுகள் மங்கின. கலைந்துவிட்டது என்று நினைத்துத் திருப்பிக்கொண்டிருந்தவன் கையை எடுக்கப் போனான். “நிறுத்தாதே, இன்னும் கொஞ்சம்” என்றேன். அடுத்த பொருத்தம் வந்ததும் கோடுகள் மறுபடி கூர்மையாயின. குழாயில் வெளிப்பக்கம் ஒட்டியிருந்த அளவுகோல் தாளில் பென்சிலால் நாங்கள் குறித்து வைத்திருந்த கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் உயரத்தில், அதே ஈஸ்ட் வரி நின்றுகொண்டிருந்தது. “மேல ஏறியிருக்கு சார்” என்றான். திருகிலிருந்து கையை எடுக்காமலேயே குனிந்து ரீடிங்கைப் பார்த்தான். முந்தைய ரீடிங்கிலிருந்து 0.44.